தோட்டம் இங்கே, தொட்டி எங்கே?

(கம்பத்தில் திராட்சை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "என்னய்யா, கம்பத்துல போய் பீர் பத்திப் பேசப் போறியாமே?" என்றார். பேசத்தான் போகிறேன். முன்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் கோபத்துக்கும் இந்த உரையில் இடம் வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் கடைக்குள்ளேயே தொட்டி வைத்துப் பீர் தயாரித்து, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் மைக்ரோ புரூவரிகள் இன்று 70க்கு மேல் இருக்கின்றன. இந்திராநகரில் 'டாய்ட்' 2010இல் திறந்தது. அதற்குச் சற்று முன்னால், 2009இல், புனேயில் 'தூலாலி' வந்தது. ஒன்றரைப் பத்தாண்டில் இந்திராநகர், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு என்று தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பீருக்கு வேண்டிய வாற்கோதுமை பெங்களூரில் விளைவதில்லை. அது ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. காவிரித் தண்ணீரையும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பம்ப் செய்துதான் கொண்டுவருகிறார்கள். ஒரு பொருளும் சொந்தமாக இல்லாத ஊரில் எழுபது. ஆண்டு முழுக்கத் திராட்சை அறுக்கும் இந்தப் பள்ளத்தாக்கிலோ, அந்தத் திராட்சையைப் பதமாக்கி விற்கும் சிறு தொழிலை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். இது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

பீரை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஜெர்மனியில் பவேரியாவின் வடக்கு மூலையில் மேல் ஃபிராங்கோனியா என்று ஒரு வட்டாரம். பாம்பெர்க் நகரம் அங்கேதான் இருக்கிறது. மக்கள்தொகை 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அதாவது நம் தேனி மாவட்டத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே பீர் ஆலைகள் 150க்கு மேல். உலகத்தில் தலைக்கணக்கில் பார்த்தால் இவ்வளவு நெருக்கமான இடம் வேறில்லை என்பார்கள். பல ஆலைகள் ஒரு கிராமத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் மட்டுமே ஊற்றுபவை. அமெரிக்காவில் கதை வேறு. 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு. அது போன பிறகும் பெரிய கம்பெனிகள் சின்னவற்றை விழுங்கிக்கொண்டே வந்து, 1970களின் கடைசியில் நாடு முழுக்க நூறு ஆலைகூட மிஞ்சவில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிப்பதைக் குற்றமில்லாததாக்கியது. பிறகு ஒவ்வொரு மாநிலமாக, தயாரிக்கும் இடத்திலேயே விற்கலாம் என்று விதியை மாற்றிக்கொண்டு வந்தது. ஆரிகன் 1985இல் மாற்றியது. இன்று அந்த நாட்டில் 9,000க்கு மேல். பிரிட்டனில் 2002இல் சிறு ஆலைகளுக்கு வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். இருபது ஆண்டுக்குள் அங்கும் எண்ணிக்கை பல மடங்கானது.

மண்ணும் மழையும் அதேதான், குடிப்பவர்களும் அதே ஆட்கள்தான். மாறியது விதி. விதி மாறிய ஓரிரு பத்தாண்டில் வரைபடம் மாறியிருக்கிறது.

நம் ஊர்ச் சான்று வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போகலாம். அங்கே 1857இல் தொடங்கிய காஸில் புரூவரிதான் பின்னால் யுனைடெட் புரூவரிஸ் ஆன ஐந்து ஆலைகளில் மூத்தது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் அந்த ஐந்தையும் ஒன்றாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் பீர் ஆலைகளைப் புள்ளி வைத்துப் பார்த்தால் முர்ரே, கசௌலி, சோலன், நீலகிரி என்று மலைமேல் திரண்டு நிற்கும். ஐஸ் இயந்திரம் பரவாத காலத்தில் குளிர் தேவைப்பட்டது ஒரு காரணம். இன்னொன்று, வெள்ளைச் சிப்பாய்களின் பாசறையும் மலைமேல்தான் இருந்தது. குடிக்கிறவன் எங்கே இருந்தானோ அங்கே ஆலை போனது.

இன்னும் பின்னால் போனால் பெரும்பாணாற்றுப்படை. அதில் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் ஆக்கும் முறை படிப்படியாக வருகிறது. அரிசியைக் கூழாக்கி, அகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, நெல் முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விடுகிறார்கள். நெல் முளை என்பது என்ன? இன்றைக்கு மால்ட் என்று மூட்டை போட்டு விற்கிறார்களே, அதன் அரிசி நாட்டு வடிவம். பெங்களூர்ப் பையன்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் வேலையை நம் வலைஞர் வீடுகள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே செய்திருக்கின்றன. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பீர் வகை மதுவுக்கு மூலப்பொருள் உலர்ந்த தானியம். அது மூட்டையில் கிடக்கும், லாரியில் போகும், ஆறு மாதம் காத்திருக்கும். இட்லிக்கு அரிசி எந்த ஊரிலிருந்தும் வரலாம், ஆனால் மாவு அரைப்பது சாப்பிடுகிறவன் இருக்கும் தெருவில்தான். மைக்ரோ புரூவரியும் அப்படித்தான். ஆகவே கம்பத்துக்கு அது வரவேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. வந்தாலும் நிற்காது. வெள்ளிக்கிழமை இரவு ஐநூறு பேர் சம்பளப் பணத்தோடு வந்து உட்காரும் ஊர் இது இல்லை.

திராட்சை வேறு சாதி. அது காத்திருக்காது. கொத்தை அறுத்த மறுநாளே காம்பு வாடும், மூன்றாம் நாள் பழம் உதிரும். ஒயின் செய்ய வேண்டுமென்றால் அறுத்த அன்றோ அடுத்த நாளோ பிழிந்தாக வேண்டும். அதனால் உலகமெங்கும் பீர் ஆலை குடிப்பவனைத் தேடிப் போகிறது, ஒயின் ஆலை தோட்டத்தின் வரப்பில் உட்காருகிறது. அடர்த்தி என்று பேசும்போது இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது. அந்தக் கணக்குப்படி, தென்னிந்தியாவில் சிறு ஒயின் ஆலைகள் நெருங்கி நிற்க வேண்டிய இடங்களில் ஒன்று, நாம் இப்போது கூடியிருக்கும் இந்த இடம்.

நம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் இனத்தில் 85 விழுக்காடு இந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது என்கிறார்கள். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகக் குறியீட்டு விவரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு சின்ன இடறல். மஸ்கட் ஹாம்பர்க்கை இங்கிலாந்தில் சீவர்டு ஸ்னோ என்ற தோட்டக்காரர் ஒட்டுச் சேர்த்து உருவாக்கினார், அது அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி என்று திராட்சை நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு கருப்புத் திராட்சையாக இருந்து, பன்னீர் பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். இது என் ஊகம். பாதிரியாரைச் சொந்தம் கொண்டாடும் ராயப்பன்பட்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவரை நான் பறிக்கவில்லை.

மற்ற ஊர்களில் திராட்சை என்றால் ஜனவரி முதல் மே வரை. இங்கே ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கும். குளிரில் கொடி உறங்காத நாடு, கவாத்து வெட்டும் நாளைத் தோட்டக்காரர் முடிவு செய்கிறார், ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். சுருளிப்பட்டியில் இன்று வெட்டினால், காமயகவுண்டன்பட்டியில் அடுத்த வாரம் வெட்டலாம். உலகத்து ஒயின் ஆலைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு வாரம் வேலை செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதே அளவு பழத்தை இங்கே ஒரு சின்னத் தொட்டியை ஆண்டுக்குப் பத்துத் தடவை நிரப்பிப் பதமாக்க முடியும். முதலீடு குறையும். இந்த வசதி நாசிக்குக்கு இல்லை, பிரான்சுக்கும் இல்லை.

"பன்னீர் சாப்பிடுகிற பழமாச்சே, ஒயினுக்கு ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். ஒயின் இனங்கள் சிறு பழம், தடித்த தோல், நல்ல இனிப்பு. பன்னீர் பெரிய பழம், சாயம் கம்மி, இனிப்பு நடுத்தரம். சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு 18 பங்கு ஏறினால் ஒயினில் சாராயச் சத்து பத்து விழுக்காட்டுக்கு வரும். மழை மாதத்தில் அந்த அளவு ஏறுவது சிரமம். ஆனால் பன்னீருக்கு வாசம் இருக்கிறது. கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் டிர்நாவோஸ் என்று ஒரு ஊர், அங்கே பேர்போன திராட்சை இதே மஸ்கட் ஹாம்பர்க். சாப்பிடவும் விற்கிறார்கள், ஒயினும் செய்கிறார்கள், 'சிப்புரோ' என்ற வடித்த மதுவும் செய்கிறார்கள். கிட்டத்திலேயே பாருங்கள், நந்தி மலைப் பக்கத்துப் பெங்களூர் நீலத் திராட்சையும் உண்ணும் பழம்தான். அதை வைத்துத்தான் கர்நாடகத்தில் இனிப்புப் போர்ட் ஒயின் வண்டி வண்டியாகத் தயாராகிறது. பாரிசில் பரிசு வாங்கும் ஒயின் பன்னீரில் வராது. வாசமுள்ள, இனிப்பான, லேசான ஒயின் வரும்.

சரி, மண் இருக்கிறது, பழம் இருக்கிறது. பிறகு என்ன?

அரசியல் சட்டத்தில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநில எல்லையிலும் ஒரு சுவர். சேலத்தில் 1937இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்து மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 1987 புத்தாண்டு முதல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. இன்று 5,000க்குச் சற்றுக் குறைவான கடைகள், 2024-25இல் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தப் பட்டியலில் சிறு தயாரிப்பாளர் எங்கே என்று தேடிப் பாருங்கள். பனையேறி 1987இல் போய்விட்டார். வேறு யாரும் வரவே இல்லை. 2006இல் ஒயின் தயாரிப்புக்குத் தனி விதிகள் போட்டார்கள், அதன் பிறகு தேனி மாவட்டத்திலும் ஒயின் ஆலை வந்தது. ஆனால் வாங்குகிறவர் ஒரே ஒருவர், டாஸ்மாக். நட்சத்திர ஓட்டலும் கிளப்பும்கூட அவரிடம்தான் எடுக்க வேண்டும். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பெட்டி தள்ளும் ஆலைக்கும், ஆயிரம் பாட்டில் நிரப்புகிறவருக்கும் ஒரே வாசல். அந்த வாசலில் ஆயிரம் பாட்டில்காரர் வரிசையில்கூட நிற்க முடியாது. பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டுபோனால் அங்கே வரி. உள்ளூர் ஒயினுக்குச் சலுகை, வெளியூர் ஒயினுக்குச் சுமை என்பதுதான் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நடைமுறை.

மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்த ஒயினுக்குக் கலால் வரி விலக்கு. ராஜீவ் சமந்த் அதற்கு முன்பே நாசிக்கில் சூலாவைத் தொடங்கி, 2000இல் முதல் ஒயினை வெளியிட்டிருந்தார். 2005இல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தார். மும்பையிலிருந்து நாலு மணி நேரத்தில் கார் வந்து நிற்கும். ஆலைகள் வரிசையாக வந்தன. கர்நாடகம் 2007இல் தன் ஒயின் கொள்கையை எழுதியது.

நாசிக்கின் வளர்ச்சியை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. 2008 மும்பைத் தாக்குதலும் உலகப் பொருளாதாரச் சரிவும் ஒன்றாக வந்தன. சுற்றுலா நின்றது, ஓட்டல்கள் வாங்கவில்லை, தொட்டிகள் நிரம்பி வழிந்தன. நாராயண்காவ் பக்கம் நாட்டிலேயே பெரிதாக இருந்த இண்டேஜ் கம்பெனி கவிழ்ந்தது. ஒயின் இனங்களை நம்பி நட்டவர்கள் கொடியைப் பிடுங்கினார்கள். காபர்னே சாவிஞ்யோன் கொத்தைச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்ட முடியாது, யார் வாங்குவார்? இந்த இடத்தில் பன்னீர் நமக்குக் காப்பு. ஆலை வாங்காவிட்டால் கேரளத்துக்கு லாரி ஏற்றலாம். எனவே யாராவது வந்து "பன்னீரைப் பிடுங்கிவிட்டு ஒயின் ரகம் நடுங்கள், ஒப்பந்தம் போடுகிறேன்" என்றால் ஒருமுறைக்கு நாலுமுறை யோசியுங்கள்.

லாரியும் ஓடாத நாள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது பழம் பந்தலிலேயே அழுகியது உங்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பழம் வெடிக்கும், வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார், அல்லது தொட்டு விலையைப் பாதியாக்குவார். அப்போது பக்கத்தில் பிழிகிற இடம் ஒன்று இருந்தால், அன்றே வெடித்த நல்ல பழம் அங்கே போகும். பூசணம் பிடித்தது போகாது, அதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

இன்னொரு விசித்திரம். தமிழ்நாட்டுக் குடியில் பிராந்திக்குப் பெரிய இடம். பிராந்தி என்றால் உலகம் முழுக்கத் திராட்சை ஒயினை வடித்தது. நம் கடைப் பிராந்தியில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம். உணவுத் தர விதிப்படி கலப்பு பிராந்தியில் திராட்சைச் சாராயம் சொற்ப விழுக்காடு இருந்தால் போதும். இவ்வளவு பிராந்தி விற்கும் மாநிலத்தில், திராட்சை விலை விழுந்து தோட்டக்காரர் அறுப்புக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பந்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த விழுக்காட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் கேட்பது புதிதாக ஒருவரையும் குடிக்க வைக்காது. ஏற்கெனவே விற்கிற பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மாற்றும். இதை ஏன் எந்தச் சங்கமும் உரக்கக் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பு.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குமுளி ஏறினால் கள்ளுக்கடை இருக்கிறது, சட்டப்படி. கேரளம் 2022இல் சிறு ஒயின் ஆலைகளுக்கென்றே விதிகள் போட்டது. தங்கள் மாநிலத்து வாழை, அன்னாசி, முந்திரிப்பழம் போன்ற விளைபொருளில் குறைந்த வீரிய மது செய்யலாம் என்றது. கேரள வேளாண் பல்கலைக்கழகமே 'நிலா' என்ற பெயரில் பழ ஒயினில் இறங்கியிருக்கிறது. அங்கும் சண்டை இல்லாமல் இல்லை. 2018இல் புதிய பீர் ஆலைகளுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்ப்பு வந்ததும் ரத்து செய்தார்கள். பாலக்காடு எலப்புள்ளியில் 2025இல் ஆலை என்றதும் நிலத்தடி நீர் என்னாவது என்று ஊர் கிளம்பியது. பெரிய ஆலைக்கு அந்த எதிர்ப்பு நியாயம். பீருக்கு ஒரு லிட்டருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் உறிஞ்சுவார்கள். முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோகம் நடக்கும் பள்ளத்தாக்கில் பெரிய ஆலை எதுவும் வேண்டாம் என்று நானும் சொல்வேன்.

இப்போது அம்மாக்களுக்கு வருகிறேன். "ஏற்கெனவே இருக்கிற கடை போதாதா?" என்பது உங்கள் கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்த மாநிலத்தில் இந்தக் கேள்வியை யாரும் சிரித்து ஒதுக்க முடியாது. பழம் புளித்த ஒயினில் அந்த அளவு மெத்தனால் வராது, அது தொழிற்சாலை இரசாயனத்தைத் திருடிக் கலந்தவர்களின் வேலை. ஆனால் இந்த விளக்கம் உங்கள் வீட்டுக்காரரைத் திருத்தாது என்பதும் எனக்குத் தெரியும். கூலி வாங்கிய கையோடு குவார்ட்டர் வாங்குகிறவர் எண்ணூறு ரூபாய் ஒயினுக்குப் போகமாட்டார். அதனால் ஒயின் வந்தால் குடி குறையும் என்று நான் பொய் சொல்லமாட்டேன், கூடும் என்றும் நினைக்கவில்லை. ஊருக்குள் விற்பனை வேண்டாம், பள்ளி, கோயில் பக்கம் வேண்டாம், தோட்டத்து வாசலில் மட்டும், பகலில் மட்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டால், அதை நாம் அரசுக்குக் கொடுக்கப்போகும் மனுவிலேயே எழுதலாம். கிராமசபைக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்றாலும் எழுதலாம். அதற்கு நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

கேட்க வேண்டியது பெரிதல்ல. கூடலூர்ச் சாலையில் ஏற்கெனவே கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பந்தலுக்குள் நின்று படம் எடுத்து, சாறு குடித்து, பழம் வாங்கிப் போகிறார்கள். தேக்கடிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர் இறங்கிப் பார்க்கிறார். கணக்குக்கு ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது டன் வழக்கம்போல லாரியில் போகட்டும். மீதி ஒரு டன்னைப் பிழிந்தால் 600 லிட்டர், பாட்டிலில் அடைத்தால் 800. எண்ணூறு பாட்டில் விற்க 5,000 கடை தேவையில்லை, தோட்டத்துக் கேட் ஒன்று போதும். சட்டத்தில் இல்லாதது அந்த கேட் விற்பனைதான். சிறு ஒயின் ஆலை என்று ஒரு தனி வகை, தொட்டியின் அளவுக்கு ஏற்ற கட்டணம், வாசலில் விற்கும் உரிமை. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழை அறுப்பு, கோடை அறுப்பு இரண்டிலும் சிறு அளவில் ஒயின் வைத்துப் பார்த்து, எந்த மாதப் பழம் தேறும் என்று அங்கே எழுதி வாங்கிவிட்டால் மனுவுக்குப் பலம்.

மனுவின் வரைவு என்னிடம் இருக்கிறது, மூன்று பக்கம். மேடைக்குக் கீழே மேசையில் பிரதிகள் வைத்திருக்கிறோம். கட்டணம் எவ்வளவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், தோட்டக்காரர்கள்தான் நிரப்ப வேண்டும். நிபந்தனைகள் பக்கத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். அதை முன்வரிசைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.